வாரம் ஒருமுறை வீட்டுக்கு போன்... மார்மன் மிஷனரிகளின் வாழ்க்கை எப்படி இருக்கும்?

நெஞ்சில் கறுப்பு பேட்ஜ், எங்கே போனாலும் இரண்டு பேர். அமெரிக்காவின் யூட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் திருச்சபையின் இளம் மிஷனரிகள் இவர்கள்.

ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம் ஊழியம். எந்த நாடு என்பதை திருச்சபையே முடிவு செய்யும். சம்பளம் கிடையாது.

வாரம் எப்படிப் போகும்?

காலையில் வேத பாடம், மொழிப் பயிற்சி. பிறகு தெருத்தெருவாகப் பிரசங்கம். பல கதவுகள் திறக்கவே திறக்காது. துணி துவைக்க, கடைக்குப் போக ஒருநாள் ஒதுக்கப்படும்.

என்ன மாறியது?

முன்பு கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என ஆண்டுக்கு 2 முறைதான் வீட்டுக்கு போன். 2019 பிப்ரவரி முதல் வாரந்தோறும் பேசலாம், வீடியோ காலும் உண்டு. குடும்பத்தினரையும் ஊழியத்தில் சேர்ப்பதே நோக்கம் என்றது திருச்சபை.

பாதியில் திரும்பினால் ஊர் என்ன பேசுமோ என்று தயங்கும் இளைஞர்கள், இப்போது கஷ்டத்தை முதலில் அம்மாவிடமாவது சொல்லலாம்.