தெருவை அளப்பது யார்? சாலை மதிப்பீடு குறித்துக் குடியிருப்போர் கூட்டமைப்பின் நிலைப்பாடு

சென்னை மாநகராட்சியின் பராமரிப்பில் பேருந்து ஓடும் சாலைகள் ஏறத்தாழ 387 கிலோமீட்டர். உட்புறத் தெருக்கள் 5,200 கிலோமீட்டருக்கும் மேல். 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகரம் 2011-இல் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் என்று பல ஊர்களின் தெருக்களும் அவற்றின் பழைய கோளாறுகளோடு வந்து சேர்ந்தன. இவ்வளவு நீளத்தில் எந்தத் தெரு இன்னும் ஐந்து வருடம் தாங்கும், எது அடுத்த ஐப்பசி மழையில் பெயரும், எதை அடியோடு சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்று தெருவாரியாகச் சொல்லும் மதிப்பீடு வேண்டும். அதற்கு வெளியிலிருந்து ஒரு பொறியியல் நிறுவனத்தை மாநகராட்சி அமர்த்தலாமா?

அமர்த்தலாம், அமர்த்தவும் வேண்டும். இதுவே சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் சேர்ந்த இந்தக் கூட்டமைப்பின் நிலைப்பாடு. ஆனால் எப்படி அமர்த்துவது, எதை அளக்கச் சொல்வது, அளந்ததை யாரிடம் கொடுப்பது என்பதில் கூட்டமைப்புக்கு உறுதியான கருத்துகள் உண்டு. அவற்றை விட்டுவிட்டு டெண்டர் விட்டால், அலமாரிக்கு இன்னொரு தடித்த அறிக்கை கிடைக்கும்; தெருவுக்கு எதுவும் கிடைக்காது.

ஒரு தெருவுக்கு எப்போது தார் போடுவது என்பதைப் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: கடைசியாகப் போட்டு எத்தனை வருடம் ஆயிற்று, எத்தனை புகார் வந்தது, கவுன்சிலர் எவ்வளவு அழுத்திக் கேட்கிறார். மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றுமே தெருவின் உடல்நிலையைச் சொல்லாது. ஒரே மாதத்தில் ஒரே ஒப்பந்ததாரர் போட்ட இரண்டு தெருக்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றில் ஸ்கூட்டரும் ஆட்டோவும் மட்டும் போகின்றன. மற்றதில் தினமும் விடியற்காலையில் தண்ணீர் லாரி போகிறது, பின்னாலேயே குப்பை லாரியும் வருகிறது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஆட்டவா என்ற ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகள் போட்டு, லாரிகளை மாறி மாறி ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் பாரம் இரட்டிப்பானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகிறது என்பது அங்கே கிடைத்த கணக்கு. தண்ணீர் லாரி போகும் தெருவும் போகாத தெருவும் தேதியில் இரட்டைப் பிள்ளைகளாக இருக்கலாம், ஆயுளில் இருக்க முடியாது. நன்றாக இருக்கும் தெருவுக்கு மறுபடி தார் விழுவதும், உளுத்துப்போன தெருவில் பேட்ச் ஒர்க் மட்டும் நடப்பதும் இப்படித்தான்.

மதிப்பிடும் முறை புதிதல்ல. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு 1970-களில் உருவாக்கிய முறை இன்று பல நாடுகளில் புழங்குகிறது. தெருவைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் இருக்கும் கோளாறுகளை வகைப்படுத்துவார்கள். முதலைத் தோல் போல் பின்னிய விரிசல், சக்கரத் தடத்தில் விழுந்த பள்ளம், உதிரும் ஜல்லி, பழைய ஒட்டு என்று ஏறத்தாழ இருபது வகை உண்டு. ஒவ்வொன்றும் எவ்வளவு பரப்பில், எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று பார்த்து நூறிலிருந்து மதிப்பெண்ணைக் கழிப்பார்கள். இந்தியச் சாலைப் பேரவையும் தார்ச் சாலைப் பராமரிப்புக்கான தன் நெறிமுறையை 2015-இல் திருத்தியபோது, நகரச் சாலைகளுக்கென்று தனியாக ஓர் அளவைக் கொடுத்திருக்கிறது. ஆகவே புதிய சூத்திரம் எதையும் யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இப்படி அளப்பதால் என்ன நடக்கும் என்பதற்குக் கலிபோர்னியாவின் எல் செரிட்டோ நல்ல உதாரணம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டிய சிறிய நகரம் அது. அந்தப் பகுதியின் போக்குவரத்து ஆணையம், தெருக்களை மதிப்பிடப் பொறியியல் ஆலோசகர்களை அமர்த்துவதற்கு நகராட்சிகளுக்கு 1999 முதல் நிதி உதவி செய்கிறது. ஒவ்வொரு நகரத்தின் மதிப்பெண்ணையும் பகிரங்கமாக வெளியிடுகிறது. 2006-இல் எல் செரிட்டோவின் சராசரி நூற்றுக்கு ஐம்பதைக்கூடத் தொடவில்லை. சுற்றுவட்டாரத்தில் கடைசி வரிசை. அந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் நகரசபை மக்களிடம் போனது. சாலைக்கென்று அரை சதவீத விற்பனை வரி போட 2008-இல் மக்களே வாக்களித்துச் சம்மதித்தார்கள். 2010-இல் சராசரி 85. வரி கேட்கும் யோசனையைக் கூட்டமைப்பு இங்கே இறக்குமதி செய்யவில்லை. சொத்து வரி உயர்ந்த சூடே இன்னும் ஆறவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. எண் பகிரங்கமாக இருந்ததால் கெட்ட செய்தியை யாராலும் மூடிவைக்க முடியவில்லை.

மும்பை கற்றுத்தரும் பாடம் கசப்பானது. அங்கே சாலைப் பணிகளைச் சரிபார்க்க மாநகராட்சி மூன்றாம் தரப்புத் தணிக்கை நிறுவனங்களை ஏற்கெனவே அமர்த்தியிருந்தது. 34 சாலைகளை விசாரித்தபோது தரமற்ற வேலை வெளிப்பட்டது. 2016-இல் ஒப்பந்ததாரர்கள் மீது மட்டுமல்லாமல் அந்தத் தணிக்கை நிறுவனங்கள் மீதும் வழக்குப் பதிவாயிற்று. தணிக்கை செய்த பொறியாளர்கள் கைதானார்கள், பிறகு மாநகராட்சியின் மூத்த பொறியாளர்களும் கைதானார்கள். வெளி நிறுவனம் என்றாலே நேர்மை என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். கூட்டமைப்பு கேட்கும் முதல் நிபந்தனை இதிலிருந்தே பிறக்கிறது. தெருக்களை மதிப்பிடும் நிறுவனமும் அதன் சார்பு நிறுவனங்களும், அந்த மதிப்பீட்டால் வரும் வடிவமைப்பு, மேற்பார்வை, தார் போடும் வேலை எதிலும் பல ஆண்டுகளுக்குப் பங்கேற்கக் கூடாது. தவிர, இருபது தெருவுக்கு ஒன்றை எங்கே என்று முன்கூட்டிச் சொல்லாமல் தேர்ந்தெடுத்து, அண்ணா பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி. போன்ற வேறொரு கல்வி நிறுவனத்தைக் கொண்டு மறுபடி அளக்கவேண்டும். இரண்டு மதிப்பெண்ணும் அதிகம் விலகினால் அந்த மண்டலத்தின் பில் நிற்க வேண்டும்.

அடுத்தது, எதை அளப்பது? நெடுஞ்சாலைகளில் லேசர் கருவிகள் பூட்டிய வண்டியை ஓட்டி மேடுபள்ளத்தை அளக்கிறார்கள். ஓரளவு வேகத்தில் ஒரே சீராக ஓட்டினால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. இருபது அடித் தெருவில், இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்க, வீட்டுக்கு வீடு போட்ட வேகத்தடைகளுக்கு நடுவே அந்த வண்டி என்ன அளந்துவிடும்? உட்புறத் தெருக்களை ஆள் இறங்கி நடந்துதான் பார்க்க வேண்டும். கேமராப் படம் கூட இருக்கலாம். ஆனால் படம் மட்டும் போதாது.

மேல்தோலைப் பார்ப்பதோடும் நிற்கக் கூடாது. லாரியின் பின்சக்கரத்துக்கு அடியில் தார்ச்சாலை எவ்வளவு அமுங்கி மீள்கிறது என்று அளக்கும் பெங்கல்மேன் கோல் 1950-களிலிருந்தே இருக்கிறது. ஒரு தட்டின் மேல் எடையை விழவைத்து, சாலை எவ்வளவு அமிழ்கிறது என்று உணரிகளால் அளக்கும் கருவிக்கும் சாலைப் பேரவை 2014-இல் நெறிமுறை வகுத்துவிட்டது. எல்லாத் தெருக்களுக்கும் இவை கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. பேருந்து ஓடும் சாலைகளிலும், தண்ணீர் லாரி போகும் தெருக்களிலும், கழிவுநீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடிய தெருக்களிலும் கட்டாயம் வேண்டும். குழாய்ப் பள்ளத்தை மண்ணைத் தள்ளி அரைகுறையாக மூடி மேலே தார் ஊற்றினால், ஆறு மாதத்துக்கு மதிப்பெண் பிரமாதமாக இருக்கும். பிறகு ஒரு நாள் லாரிச் சக்கரம் உள்ளே போகும்.

இந்த அறிக்கையில் கூட்டமைப்பு அதிகம் வலியுறுத்த விரும்புவது தெருவின் உயரத்தை. மேலே சொன்ன வெளிநாட்டு முறைகளில் எதுவும் கேட்காத கேள்வி அது. வீட்டு வாசலை விடத் தெரு எவ்வளவு உயரம்? பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் சென்னையில் பல தெருக்கள் ஏறிவிட்டன. வாசலில் மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்குள் இன்று இரண்டு படி இறங்கிப் போகிறார்கள். கார்த்திகை மழையில் தெருத் தண்ணீர் கூடத்துக்கு வருகிறது. மழைநீர் வடிகாலின் வாய் தெருமட்டத்தோடு ஒட்டாமல் போனதால், பல கோடி செலவில் கட்டிய வடிகால் பக்கத்திலேயே தண்ணீர் தேங்கி நிற்கிறது. 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தார் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று உத்தரவிட்டார். அந்த உத்தரவு வருவதற்கு முன் ஏறிய உயரம் ஏறியபடியேதான் கிடக்கிறது.

விரிசல், பள்ளம் எதுவும் இல்லாமல் நேற்றுப் போட்ட தெரு, வீடுகளை விட ஓர் அடி உயர்ந்திருந்தாலும் அந்த வெளிநாட்டு முறையில் நூற்றுக்கு நூறு வாங்கும். சென்னைக்கு அப்படி ஒரு மதிப்பெண் எதற்கு? ஆகவே மட்டத்தைத் தனியாக அளந்து தனிப் பத்தியில் பதிய வேண்டும்: தெருவின் நடுமட்டம், வடிகால் வாயின் மட்டம், வீட்டு வாசல்களின் மட்டம், பழைய தாரைச் சுரண்டினால் எவ்வளவு இறக்க முடியும். ஆங்காங்கே சோதனைக் குழி தோண்டி எத்தனை அடுக்குத் தார் இருக்கிறது என்றும் எண்ண வேண்டும். செய்த வேலையின் அளவுகளைப் பதியும் எம் புக்கில் சுரண்டியதாக எழுதிய வேலை நிஜமாக நடந்ததா என்பதை அந்தக் குழியே சொல்லிவிடும். மட்டத்தில் தோற்ற தெரு, மேற்பரப்பில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் தோற்ற தெருவாகவே பட்டியலில் நிற்க வேண்டும்.

மாநகராட்சிப் பொறியாளர்களே இதைச் செய்யலாமே, வெளியாளுக்கு ஏன் பணம் என்ற குரல் சங்கங்களுக்குள்ளேயே எழுந்தது. அதில் உண்மை இருக்கிறது. வார்டுப் பொறியாளருக்குத் தெரிந்த தெருவை எந்த நிறுவனமும் ஒரு மாதத்தில் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் அதே பொறியாளர்தான் வேலையை மேற்பார்வையிட்டார், அளவு எழுதினார், பில்லுக்குக் கையெழுத்திட்டார். தன் வேலைக்குத் தானே மதிப்பெண் போடும்படி ஒருவரைக் கேட்பது அவருக்கும் நல்லதில்லை. எனவே முதல் அளவீட்டை வெளி நிறுவனம் செய்யட்டும். கூடவே ஒவ்வொரு மண்டலத்திலும் சில மாநகராட்சிப் பொறியாளர்களுக்கு அதே முறையில் பயிற்சி கொடுக்கட்டும். எடுத்த படங்கள், அளவுகள், கணக்குகள் எல்லாம் மாநகராட்சியின் சொத்தாக, எந்த மென்பொருளிலும் திறக்கும் வடிவில் ஒப்படைக்கப்பட வேண்டும். தரவு நிறுவனத்தின் கையில் சிக்கிவிட்டால், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர்களிடமே போய் நிற்க வேண்டியிருக்கும்.

அளப்பதற்குச் சரியான காலம் ஜனவரியும் பிப்ரவரியும். வடகிழக்குப் பருவமழை முடிந்து சேதம் அப்படியே தெரியும். வெயில் காலத்தில் தார் போடுவதற்கு முன் பட்டியலும் கையில் இருக்கும். மழைக்கு முன் அவசரமாகப் பூசி மெழுகிய ஆகஸ்டில் அளந்தால் எல்லாத் தெருவும் அழகுதான்.

அளந்த மறுநாளே தெருவை வெட்டிவிட்டால்? சென்னையில் இது வேடிக்கைக் கேள்வி இல்லை. குடிநீர் வாரியம், மின்வாரியம், கேபிள் நிறுவனங்கள் என்று வெட்டுபவர்கள் பலர். போதாக்குறைக்கு 118.9 கிலோமீட்டர் நீளத்துக்கு மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம். ஒவ்வொரு ரோடு கட் அனுமதியும் அதே வரைபடத்தில் ஏற வேண்டும்; மூடிய பிறகு அந்த இடத்தை மறுபடி அளந்து, குறைந்த மதிப்பெண்ணுக்கான செலவை வெட்டிய துறையிடம் வாங்க வேண்டும். நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் உள்ள சாலைகளையும் அதே வரைபடத்தில் வேறு நிறத்தில் காட்டலாம். புகார் கொடுக்கப் போனால் எங்கள் ரோடு இல்லை என்று திருப்பி அனுப்பப்படுபவர்களுக்கு அதுவே பெரிய உதவி.

கடைசியாக, பட்டியல் யாருக்கு? தெருப் பெயர், அளந்த தேதி, மதிப்பெண், மட்டம், கடைசியாகத் தார் போட்ட ஒப்பந்ததாரர், பழுதைச் சரிசெய்ய வேண்டிய அவருடைய பொறுப்புக் காலம் முடியும் நாள் எல்லாம் தமிழில் மாநகராட்சியின் இணையதளத்திலும் வார்டு அலுவலகச் சுவரிலும் இருக்க வேண்டும். கவுன்சிலர் வரிசையை மாற்றச் சொல்லலாம்; பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எண்ணுக்குத் தெரியாத காரணங்கள் அவருக்குத் தெரியும். ஆனால் எந்தத் தெரு முன்னே வந்தது, எது பின்னே போனது, ஏன் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

தமிழகத்தின் நகரங்களில் 2022 நவம்பர் 1 அன்று முதன்முதலாகப் பகுதி சபைகள் கூடின. இந்தக் கோரிக்கைகளை வைப்பதற்கு அதைவிடப் பொருத்தமான மேடை இல்லை. உறுப்புச் சங்கங்கள் ஒவ்வொன்றும் தங்கள் வார்டின் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும், தங்கள் தெருவில் வாசலுக்கும் சாலைக்கும் உள்ள உயர வித்தியாசத்தை டேப் பிடித்து அளந்து தீர்மானத்தோடு இணைக்க வேண்டும் என்று கூட்டமைப்பு கேட்டுக்கொள்கிறது.