முழக்கம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?



சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள ஊர்த் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரி கேட்டிருப்பீர்கள். மேடையில் மின்கிதார் வாசிப்பவரின் காலடியை என்றைக்காவது கவனித்ததுண்டா? செங்கல்லைவிடச் சிறிய ஓர் உலோகப் பெட்டி அங்கே இருக்கும். அவர் அதை ஒருமுறை காலால் மிதிப்பார். அதுவரை வறட்சியாக ஒலித்த கிதார், பெரிய கல்மண்டபத்துக்குள் வாசிப்பதைப்போல் முழங்கத் தொடங்கும். மறுபடி மிதித்தால் முழக்கம் அடங்கிவிடும். இதற்கு 'ரிவெர்ப் பெடல்' என்று பெயர். தமிழில் எதிர்முழக்க மிதி எனலாம்.

இந்தப் பெட்டியின் பெருமை முழக்கத்தை உண்டாக்குவதில் மட்டும் இல்லை; வேண்டாதபோது அதை நிறுத்த முடிவதிலும் இருக்கிறது. இந்த இரண்டாவது பாடத்தை நம் மேடைகளும் வகுப்பறைகளும் இன்னும் சரியாகக் கற்கவில்லை என்பது என் கருத்து.

முதலில், எதிர்முழக்கம் என்றால் என்ன? ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. நமக்கு 17 மீட்டருக்கு அப்பால் ஒரு சுவர் இருந்தால், கைதட்டிய ஒலி போய்த் திரும்ப பத்தில் ஒரு பங்கு நொடிக்கு மேல் ஆகும். அதைத் தனி ஒலியாகக் கேட்கிறோம். அதுவே எதிரொலி. ஓர் அறைக்குள் சுவர், கூரை, தரை எல்லாம் அருகருகே இருப்பதால் நூற்றுக்கணக்கான எதிரொலிகள் நெருக்கமாக வந்து ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்தறியக் காதால் முடியாது. ஒலி நீண்டு தேய்வதாகத் தோன்றுகிறது. இதுதான் எதிர்முழக்கம்.

கரும்புக் கொல்லையின் நடுவே நின்று பாடினால் குரல் திரும்பி வராது. சிதம்பரம் கோயிலின் கற்பிரகாரத்தில் வாசிக்கும் நாகசுரமோ சுவர்களில் பட்டு மீண்டு, நிறைந்து ஒலிக்கும். இசைக்கு இந்த நிறைவு அழகு. ஆனால் திறந்தவெளி மேடைக்குக் கல்மண்டபத்தைத் தூக்கிவர முடியுமா? முடியாதென்று விட்டுவிடாமல் அறிவியலார் முயன்ற கதை சுவையானது.

அமெரிக்காவில் ஹாமண்ட் நிறுவனம் தன் மின் ஆர்கன்களில் சுருள்வில்லைப் பயன்படுத்தியது. ஒலியை அதிர்வாக்கி வில்லின் ஒரு முனையில் செலுத்தினால், அது முனைக்கு முனை ஓடித் திரும்பி முழக்கமாக வெளிவரும். 1961இல் ஃபெண்டர் நிறுவனம் இதையே கிதாருக்கான தனிப் பெட்டியாக்கி விற்றது. ஜெர்மனியில் 1957இல் வந்த ஈஎம்டி 140 என்ற கருவி, வில்லுக்குப் பதிலாகப் பெரிய எஃகுத் தகடு ஒன்றை அதிரச் செய்தது. அதன் எடை சுமார் 270 கிலோ! பிறகு 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தின் மன்ஃபிரெட் ஷ்ரோடர், வில்லும் தகடும் இல்லாமல், கணக்கீட்டால் மட்டுமே எதிர்முழக்கத்தை உண்டாக்க முடியும் என்று காட்டினார். ஒலியை எண்களாக மாற்றி நினைவகத்தில் வைத்து, வெவ்வேறு நேரம் தாமதித்து, சிறிது சிறிதாக வலுவிழக்கச் செய்து மீண்டும் கூட்டுவதே அந்த முறை. மின்னணுச் சில்லுகள் சிறுத்தபோது, 1987இல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் ஆர்வி-2 என்னும் சிறு மிதியை வெளியிட்டது. 270 கிலோ செய்த வேலை காலடிக்கு வந்துவிட்டது.

இதுவரை மகிழ்ச்சியான செய்தி. இனி என் குறையைச் சொல்கிறேன்.

அதே சில்லு இன்று மைக்செட் கருவிகளிலும் அமர்ந்திருக்கிறது. 'எக்கோ' என்று எழுதிய குமிழைப் பாட்டுக்காகத் திருகி வைக்கிறார்கள். பாட்டு முடிந்து பேச்சு தொடங்கும்போது அதைத் திருப்பி வைக்க மறந்துவிடுகிறார்கள். விளைவு? குரல் கம்பீரமாக இருக்கிறது. சொல் மட்டும் புரிவதில்லை.

காரணம் எளிது. நம் பேச்சில் உயிரொலி வலுவானது, நீளமானது. வல்லின மெய் மிகக் குறுகியது, மெலிந்தது. முன்னால் வந்த உயிரொலியின் வால் நீண்டு தொங்கினால், அடுத்து வரும் மெய்யை அது மூடிவிடும். 'கட்டு', 'கத்து', 'கற்று' என்று மூன்று சொற்களையும் சொல்லிப் பாருங்கள். அவற்றை வேறுபடுத்துவது நடுவிலுள்ள மெய் மட்டுமே. அது மறைந்தால் பொருளே மறைகிறது.

இது வெறும் ரசனைப் பிரச்சினை அன்று. வெள்ளாறும் வீராணம் ஏரியும் அருகே உள்ள பகுதி இது. 2015ஆம் ஆண்டு மழையில் கடலூர் மாவட்டம் பட்ட துன்பத்தைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஏரி நீர் திறக்கப்படுகிறது, கரையோரத்தவர் இந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று ஒலிபெருக்கி சொல்லும்போது, எந்த இடம், எத்தனை மணி என்பது தெளிவாகக் கேட்க வேண்டாமா? அங்கே முழக்கம் அழகு அன்று, ஆபத்து.

"மக்களுக்கு எக்கோ பிடிக்கிறதே!" என்று மைக்செட் அண்ணன்கள் சொல்வார்கள். உண்மைதான். பாட்டுக்கு இருக்கட்டும். கிதார் கலைஞர் தேவையறிந்து மிதியை அணைக்கிறார் அல்லவா? பேச்சாளர் எழுந்ததும் குமிழைச் சுழிக்குக் கொண்டுவருவது அதைவிடக் கடினமான வேலையா?

வகுப்பறைக்கு இப்படி ஒரு குமிழ் இல்லை. ஆனால் கணக்கு உண்டு. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடமொன்றில் பேச்சே புரியவில்லை. அதைச் சீர்படுத்தும் பொறுப்பு வாலஸ் சபீன் என்ற இளம் ஆசிரியருக்கு வந்தது. அவர் வேறோர் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஒலித்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறை ஒலியை உட்கவரும் மொத்த அளவால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் நொடியில் கிடைக்கும் என்பது அவர் ஆய்விலிருந்து நமக்குக் கிடைத்த வாய்பாடு. ஒலியின் செறிவு பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரம் அது.

8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள சிமெண்ட் வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். கன அளவு 144 கன மீட்டர். பரப்புகள் மொத்தம் 180 சதுர மீட்டர். பூசிய சுவர் தன்மேல் படும் ஒலியில் சுமார் 3 விழுக்காடே உட்கவரும். ஆகவே மொத்தம் 5.4. காலி அறையின் எதிர்முழக்க நேரம் 4.3 நொடி! 40 மாணவர் அமர்ந்தால், ஆளுக்கு 0.4 வீதம் 16 கூடும், நேரம் 1.1 நொடி ஆகும். திறந்த சன்னல் தன்மேல் படும் ஒலி முழுவதையும் வெளியே விட்டுவிடும். சன்னல், கதவு என 8 சதுர மீட்டரைத் திறந்தால் 0.8 நொடிக்கு இறங்கும். பேச்சுக்கு 0.6 நொடி அளவே நல்லது. கடைசி பெஞ்சு மாணவன் 'கவனிப்பதில்லை' என்று திட்டு வாங்குகிறானே, அவனுக்குச் சொல் போய்ச் சேர்ந்ததா என்று யார் அளந்தார்கள்?

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோடு போன்ற இடங்களில் சன்னலைத் திறந்தால் நெடுஞ்சாலை இரைச்சல் உள்ளே வரும் என்பீர்கள். அப்படியானால் பின்சுவரில் தடித்த துணித் திரையைச் சிறிது இடைவெளி விட்டு மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடலாம். அதுவும் ஒலியை உட்கவரும். செலவும் குறைவு.

உங்களிடம் கேட்பது இரண்டே செயல்கள். ஒன்று, நாடாவை எடுத்து உங்கள் வகுப்பறையை அளந்து, மேலே சொன்ன கணக்கைப் போட்டு, விடையை ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் காட்டுங்கள். இரண்டு, பள்ளி விழாவில் பேச்சு தொடங்குமுன் மைக்செட்காரரிடம் சென்று, "அண்ணா, பேச்சுக்கு எக்கோ வேண்டாம்" என்று பணிவாகச் சொல்லுங்கள். ஏன் என்று அவர் கேட்டால், 'கட்டு', 'கத்து', 'கற்று' என்று மைக்கில் சொல்லிக் காட்டுங்கள்.