எத்தனை பேருக்கு ஓர் அம்மா?

குழந்தைகள் இல்லம் நடத்துவதற்கு அரசு வகுத்த விதிகளில் அளவுகளுக்குப் பஞ்சமில்லை. சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் 2016-ல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகள் 7 குழந்தைகளுக்கு ஒரு கழிப்பறை, 10 குழந்தைகளுக்கு ஒரு குளியலறை என்று கணக்குச் சொல்லின. படுக்க ஒரு குழந்தைக்கு 40 சதுர அடி. 100 குழந்தைகள் தங்கும் இல்லத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட பணியாளர் பட்டியலில் இல்லத் தாய் அல்லது தந்தை 4 பேர். அதாவது 25 குழந்தைகளுக்கு ஒருவர். பகல், இரவு என்று முறை வைத்து, வார விடுமுறையையும் கழித்தால், நள்ளிரவில் கெட்ட கனவு கண்டு அலறும் குழந்தையிடம் ஓடி வர ஐம்பது பேருக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார். காலையில் கழிப்பறை முன் நிற்கும் வரிசையைவிட, அந்த ஒருவரின் மடிக்கான வரிசை நீளம்.

"முதலில் சோறு, துணி, படிப்பு. மற்றதெல்லாம் அப்புறம்" என்பது பல நிர்வாகிகளின் வாதம். அன்பை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. வசதிப்பட்டால் பரிமாறலாம் என்று பாயசத்தைப் போல ஒதுக்கி வைக்கிறார்கள்.

இந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்பது தெரிந்து 80 ஆண்டுகள் ஆகின்றன. வியன்னாவில் பிறந்த மனநல மருத்துவர் ரெனே ஸ்பிட்ஸ் 1945, 1946 ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் இரண்டு இடங்களை ஒப்பிட்டார். ஒன்று, சிறையோடு இணைந்த காப்பகம். அங்கே கைதிகளாக இருந்த இளம் தாய்மார்கள் தங்கள் கைக்குழந்தைகளைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். மற்றொன்று, ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம். சுத்தத்திலும் உணவிலும் மருத்துவத்திலும் குறை சொல்ல முடியாத இடம். ஆனால் சுமார் எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு தாதி. அந்த இல்லத்தில் கண்காணிக்கப்பட்ட 91 குழந்தைகளில் 34 பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். சிறைக் காப்பகத்தில் ஒரு குழந்தையும் சாகவில்லை.

ஸ்பிட்ஸின் ஆய்வுமுறையில் ஓட்டைகள் உண்டு என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டார்கள். ருமேனியாவில் சௌஷெஸ்கு ஆட்சி 1989-ல் கவிழ்ந்தபோது, அவர் விட்டுச் சென்ற இல்லங்கள் அதற்கும் பதில் சொல்லின. புகாரெஸ்ட் நகரத்து இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து 2000-ஆம் ஆண்டுவாக்கில் ஓர் ஆய்வு தொடங்கியது. அவர்களில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அறிவு வளர்ச்சியிலும் ஒருவரோடு ஒட்டிப் பழகுவதிலும் அவர்கள் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே குடும்பம் கிடைத்தவர்கள் அதிகம் தேறினார்கள். அன்புக்குக் காலக்கெடுவும் உண்டு.

அப்படியானால் இல்லத்துக்குள் ஓர் அம்மாவைக் கொண்டுவந்துவிட்டால் போதுமா? ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்மைனர் 1949-ல் அதைத்தான் செய்தார். ஒரு வீடு, ஒரு தாய், சில குழந்தைகள் என்று அவர் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமம் உலகமெங்கும் பரவியது. 1964-ல் இந்தியாவுக்கும் வந்தது. பெரிய கூடங்களில் வரிசையாகக் கட்டில் போட்டுக் குழந்தை வளர்த்த உலகத்துக்கு அது பெரிய பாடம். ஆனால் 2025 அக்டோபரில் ஆஸ்திரிய அமைப்பே ஒரு தகவலை வெளியிட்டது. 1986-ல் காலமான க்மைனர்மீதே சிறுவர்களைத் துன்புறுத்தியதாகப் புகார்கள் இருந்தன என்பதே அது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பீகாரின் முசாஃபர்பூரில் பெண் குழந்தைகள் இல்லமொன்றில் நடந்த பாலியல் கொடுமைகள் 2018-ல் வெளிவந்தன. மும்பையின் டாடா சமூக அறிவியல் நிறுவனம் நடத்திய ஆய்வு இல்லாவிட்டால் அவை இன்னும் புதைந்தே கிடந்திருக்கலாம். 2020-ல் தில்லி நீதிமன்றம் தண்டித்தவர்களில் இல்லத்தில் வேலை பார்த்த பெண்களும் இருந்தார்கள். 'அம்மா' என்று கூப்பிட வைப்பதால் மட்டும் யாரும் அம்மா ஆகிவிடுவதில்லை.

இப்படி ஒரு கொடுமை அம்பலமாகும்போதெல்லாம் கேமராக்கள் முளைக்கின்றன. குழந்தையைத் தொடாதே, தூக்காதே என்று ஊழியர்களுக்கு வாய்மொழி உத்தரவு பிறக்கிறது. காய்ச்சலில் கிடக்கும் ஆறு வயதுக் குழந்தையின் நெற்றியில் கை வைக்கத் தயங்கும் இல்லம் பாதுகாப்பானதாக இருக்கலாம். குழந்தை வளர்வதற்கு ஏற்ற இடமாக இருக்காது.

அன்பு வேண்டுமா, காவல் வேண்டுமா என்ற கேள்வியே பொய். இரண்டும் ஒரே ஏற்பாட்டில் கிடைக்கக்கூடியவை. ஒருவரிடம் சில குழந்தைகள் மட்டும் இருந்தால் அவருக்கு ஒவ்வொரு முகமும் தெரியும். முகம் வாடினால் காரணமும் தெரியும். அந்த ஒருவர் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்க வேண்டுமானால் ஒப்பந்தக் கூலியும் ஓய்வில்லாத வேலையும் உதவாது. ஒழுங்கான சம்பளமும் விடுப்பும் வேண்டும். அவரைப் பற்றியே குழந்தை புகார் சொல்ல நேர்ந்தால், கேட்பதற்கு வெளியாள் ஒருவர் தவறாமல் வந்து போக வேண்டும். 1098 என்ற உதவி எண் சுவரில் எழுதியிருந்தால் போதாது. தனியாகப் பேச ஒரு தொலைபேசியும் குழந்தையின் கைக்கு எட்ட வேண்டும்.

இல்லம் என்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெற்ற தாய் உயிரோடு இருந்தும் வறுமையால் இல்லத்துக்கு வரும் குழந்தைகள் உண்டு. அவர்களை வீட்டிலேயே வைத்துக் காப்பாற்ற 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறைகள் மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு வழி செய்தன. இந்தப் பணம் உரிய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தால் இல்லங்களில் கூட்டம் குறையும். மிஞ்சும் குழந்தைகளுக்கு மடியும் கிடைக்கும்.

18 வயது நிறைந்ததும் பிள்ளைகள் பெட்டியோடு வெளியேறுகிறார்கள். 21 வயதுவரை பின்கவனிப்பு தரச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் ஓர் இல்லம் ஜெயித்ததா, தோற்றதா என்பதை அந்தப் பிள்ளையின் முதல் சம்பள நாள் சொல்லிவிடும். ஒரு புடவை வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்க, அவனுக்கு அங்கே ஒருத்தி இருக்க வேண்டும்.