வீடு நமது, தரை யாருடையது?

கட்டிய வீடு ஒருவருடையது, அது நிற்கும் தரை இன்னொருவருடையது. இப்படி வாழ்கிறவர்களைச் சட்டம் எந்தப் பெயரால் அழைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அவர்கள் நாளை அங்கே இருப்பார்களா என்பது முடிவாகிறது. குத்தகைதாரர் என்றால் சில உரிமைகள் உண்டு. ஆக்கிரமிப்பாளர் என்றால் நோட்டீஸ் மட்டும்தான்.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. மிராசுதாரின் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர் கூலி உயர்வு கேட்டால், முதலில் ஆபத்துக்குள்ளாவது குடிசைதான். அதைத் தடுக்க 1961இல் குடியிருப்பு அனுபோகதாரர்களை வெளியேற்றுவதற்கு எதிரான பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். 1971இல் இன்னொரு சட்டம் ஒரு படி மேலே போனது. அந்த ஆண்டு ஜூன் 19 அன்று பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் அந்த மனையையே உடைமையாக்கியது.

அதே 1971இல் ஒன்றிய அரசும் ஒரு சட்டம் இயற்றியது. பொது இடங்களில் அனுமதியின்றிக் குடியிருப்போரை வெளியேற்றும் சட்டம் அது. அதன்படி விசாரித்து ஆணையிடுபவர் எஸ்டேட் அதிகாரி. அவரும் அரசு அதிகாரியே. நிலத்துக்குச் சொந்தக்காரரும் அரசு, வழக்குத் தொடுப்பதும் அரசு, முதல் தீர்ப்பும் அரசினுடையது. மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்யக் கிடைப்பது 12 நாள்.

மரக்காணம் உப்பளக் கரையில் இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் தொழிலாளி நிற்கிறார். இங்குள்ள அளங்களில் ஒன்றிய அரசின் உப்புத் துறை நிலமும் உண்டு. பாத்தி கட்டி, நீர் பாய்ச்சி, விளைந்ததை வாருகிறார்கள். தமிழில் உப்பு விளைகிறது என்றுதான் சொல்கிறோம். ஆனால் 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் பேசுவது விவசாயத்தைப் பற்றி. குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் உப்பளத் தொழிலுக்குத் தனி இடம் கொடுத்த அரசு, மனை கொடுக்கும்போது உப்பளத் தொழிலாளியைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. அளத்தை ஒட்டிக் குடிசை போட்டவர் நெல் வயலில் வேலை செய்திருந்தால் ஒரு சட்டம், உப்பு வாரினால் வேறு சட்டம்.

தரைக்குச் சொந்தக்காரர் வேறு, கட்டடத்துக்குச் சொந்தக்காரர் வேறு என்ற நிலையைச் சட்டம் கையாள முடியாததல்ல. சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1921இலிருந்தே இருக்கிறது. வாடகை மனையில் கட்டடம் கட்டியவரை வெளியேற்ற வழக்குப் போட்டால், அந்த மனையை விலைக்கு வாங்கிக்கொள்ள நீதிமன்றத்தை நாட அது வழி செய்தது. கேரளத்தில் 1970 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தில் குடிகிடப்புக்காரர் கிராமத்தில் 10 சென்ட் வரை வாங்கும் உரிமை பெற்றார். அமெரிக்காவில் தம் வீட்டை வாடகை மனையில் நிறுத்தி வாழ்கிறவர்கள் ஏராளம். அங்கே வாஷிங்டன் மாநிலத்தில் 2007 முதல் இவர்களின் தகராறுகளுக்கென்றே அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒரு தீர்வு முறை இயங்குகிறது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத குடியிருப்பாளரும் அங்கே புகார் கொடுக்கலாம்.

நம் ஊரில் இதைச் சாதியை விட்டுவிட்டுப் பேச முடியாது. 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் தலித் மக்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. குடிசை எரிந்தால் மறுபடி கட்டலாம். எந்தத் தரையில் கட்டுவது என்பதற்குக் கையில் காகிதம் இல்லாதவரைத் துரத்துவது சுலபம். பட்டியல் சாதியினரை வீட்டைவிட்டோ ஊரைவிட்டோ வெளியேற வைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் அதே வெளியேற்றம் ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்ற பெயரில் வந்தால் புல்டோசருக்குக் காவல்துறையே பாதுகாப்புக் கொடுக்கிறது.

ஆகவே நான் கேட்பது மூன்று. குடியிருப்புச் சட்டத்தில் உப்பளத் தொழிலாளியைப் பெயர் சொல்லிச் சேர்த்து, தகுதி நாளையும் இன்றைய தலைமுறைக்குப் பொருந்தும்படி மாற்ற வேண்டும். ஒன்றிய அரசு நிலமானால் மாநில அரசு அதைக் கேட்டுப் பெற்று, வீட்டுப் பெண்ணின் பெயரில் மனைப் பட்டா தர வேண்டும். வெளியேற்றத் தகராறை நிலத்தை வைத்திருக்கும் துறை விசாரிக்கக் கூடாது. வட்ட அளவில், தொழிலாளர் தரப்பும் உட்காரும் தனி மன்றம் வேண்டும். அது முடிவு சொல்லும்வரை குடிசையைத் தொடக் கூடாது.

அதுவரை இதைப் படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பகுதிக் குடியிருப்புக்கு நோட்டீஸ் வந்தால் முதலில் அது எந்தச் சட்டத்தின்படி வந்தது என்று பாருங்கள். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமா, 1971ஆம் ஆண்டு ஒன்றியச் சட்டமா என்று தெரிந்தால்தான் யாரிடம், எத்தனை நாளுக்குள் பதில் கொடுப்பது என்பது தெரியும். விளக்கம் கேட்கும் நோட்டீஸுக்கு எழுத்தில் பதில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மின் கட்டண ரசீது, குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். 12 நாள் என்பது போராட்டத்துக்கு ஆள் சேர்ப்பதற்குள் தீர்ந்துவிடும்.