பிள்ளையோட எடை கூடியிருக்கு... கூடினது தசையா, கொழுப்பா? கண்டுபிடிப்பது எப்படி?

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப்பள்ளியில்தான் தொடங்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல் சாப்பிடும் பிள்ளைகளுக்கு எடை ஏறினால் சந்தோஷம்தான். ஆனால் ஏறியது எது என்பதை எடை மெஷின் சொல்லாது.

பள்ளிகளில் எடுப்பது உயரமும் எடையும். அதிலிருந்து வருவது பிஎம்ஐ. 140 செ.மீ. உயரம், 30 கிலோ எடை என்றால் 15.3. மைதானத்தில் ஓடுற பையனுக்கும் செல்போனோடு உட்கார்ந்திருக்கிற பையனுக்கும் இதே எண் வரலாம்.

நம்மவர்களுக்கு இது கொஞ்சம் பெரிய ஓட்டை. புனே மருத்துவர் யாஜ்னிக், பிரிட்டன் மருத்துவர் யுட்கின் இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்கிற்கு 21.2%! 2004-ல் லான்செட் இதழில் இருவரும் தங்கள் படத்தோடு வெளியிட்ட கணக்கு இது. அதனால் மேலூர், உசிலம்பட்டி பக்கம் ஒல்லியாகத் தெரியும் பிள்ளைக்குக் கொழுப்பே இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

வயசும் குழப்பும். பொதுவாக 5, 6 வயது வரை பிஎம்ஐ இறங்கி, அப்புறம் ஏறும். பருவ வயதில் பெண் பிள்ளைகளுக்குக் கொழுப்பு கூடுவது இயல்பு. பையன்களுக்குத் தசை கூடும். ஒரே 3 கிலோ, அர்த்தம் வேறு. அதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-ல் 5 முதல் 18 வயது வரை ஆண், பெண் இருவருக்கும் தனித்தனி வளர்ச்சி அட்டவணை வெளியிட்டது.

துல்லியம் வேண்டுமென்றால் டெக்ஸா ஸ்கேன். பள்ளிக்கூடத்துக்கு அது ஆகாது. லேசான மின்சாரம் செலுத்தி அளக்கும் கருவியோ, பிள்ளை எவ்வளவு தண்ணி குடித்திருக்கு என்பதைப் பொறுத்து எண்ணை மாற்றும். மேற்கையின் பின்பக்கத் தோலைக் கிள்ளி காலிப்பரில் அளப்பது மலிவு. ஆனால் பழகிய கை வேண்டும். 2016-18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் இந்த முறையும் இருந்தது. அந்த ஆய்வின் பிஎம்ஐ கணக்குப்படி 10-19 வயதினரில் 24% பேர் மெலிவு, 5% பேர் அதிக எடை.

வீட்டிலேயே பார்க்க ஒரு நூல் போதும். பிள்ளையின் உயரத்துக்கு நூலை வெட்டி, பாதியாக மடித்து இடுப்பைச் சுற்றுங்கள். முனைகள் சேரவில்லையா? வயிற்றுக் கொழுப்பு கூடியிருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆர்பிஎஸ்கே மருத்துவக் குழுக்கள் போவது அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு. வேனில் போய், கேன்டீனில் பப்ஸ் சாப்பிட்டு, மாலையில் டியூஷன் போகும் மதுரை தனியார் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை.