கவலை தொழிலாளிக்கு, திட்டம் முதலாளிக்கா?

சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலம் நவம்பர் வாக்கில் தொடங்குகிறது. பிப்ரவரி வாக்கில் ஓய்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன? ஏற்காட்டுத் தோட்டங்களில் இந்தக் கேள்வியை இரண்டு பேர் கேட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் தோட்ட முதலாளி. மற்றவர் கூடை கட்டிப் பழம் பறித்த பெண். கேள்வி ஒன்றுதான். ஆனால் முதலாளி கேட்டால் அதற்குத் திட்டம் என்று பெயர். தொழிலாளி கேட்டால் அதற்குக் கவலை என்று பெயர்.

ஏன் இந்த வேறுபாடு? முதலாளிக்கு மூளை அதிகம் என்பதாலா? இல்லை. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தில் அவர் மிளகுக் கொடியையும் ஏற்றியிருக்கிறார். ஒன்றின் விலை விழுந்தால் மற்றொன்று தாங்கும். விலை சரியில்லை என்றால் கொட்டையைக் கிடங்கில் பூட்டி வைக்கலாம். பாங்கியில் கடன் வாங்கலாம். தொழிலாளியிடம் இருக்கும் ஒரே சரக்கு அவளுடைய உழைப்பு நாள். விற்காத காப்பியைக் கிடங்கில் வைக்கலாம். விற்காத உழைப்பு நாளை எந்தக் கிடங்கில் வைப்பது? மாலை ஆனால் அது போயே போய்விட்டது.

இந்த நிலையில் இருப்பவளைப் பார்த்து, "கவலைப்படாதே, முன்யோசனையோடு சிக்கனமாக இரு" என்று உபதேசம் செய்யப் பலர் இருக்கிறார்கள். மிச்சம் பிடிக்க எதுவும் இல்லாதவளுக்குச் சேமிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்வது நேர்மையான காரியம் அல்ல. நாளைய தினத்தின் மேல் கொஞ்சமாவது பிடி இருந்தால்தான் மனிதன் திட்டமிட முடியும். அந்தப் பிடி இல்லாதபோது அதே சிந்தனை கவலையாக மாறி இரவுத் தூக்கத்தைத் தின்கிறது.

அப்படியானால் அந்தப் பிடி எப்படிக் கிடைக்கும்? தனியாகக் கிடைக்காது. இதற்கு நமது சரித்திரமே சாட்சி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். நூறு ஆண்டுகளுக்கு மேல், வேலைக்குப் போகும்போது பிள்ளையை யாரிடம் விடுவது என்பது தோட்டத்துத் தாய் ஒவ்வொருத்தியின் தனிக் கவலையாக இருந்தது. 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. வீடும் வைத்தியமும் நிர்வாகத்தின் கடமை என்றது. தாயின் கவலை நிர்வாகத்தின் கடமையாக மாறியது. சங்கம் கட்டிக் கேட்டதால்தான் அது மாறியது. அந்தத் தனிச் சட்டத்தை ரத்துச் செய்து தன்னுள் அடக்கிக்கொள்ளும் ஏற்பாட்டோடுதான் 2020இல் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். பெற்றதைக் காக்க விழிப்பு வேண்டும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

சிறு விவசாயியின் கதையும் இதேதான். 1942ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டத்தின் கீழ் விளைச்சலைக் காப்பி வாரியம் திரட்டி விற்றது. பணம் தவணை தவணையாகத் தாமதித்து வருகிறது என்ற குறை இருந்தது. அது நியாயமான குறை. ஆனால் குறையைத் திருத்துவதற்குப் பதிலாக 1990களில் ஏற்பாட்டையே கலைத்தார்கள். அதற்கு முன்பே, 1989இல், சர்வதேசக் காப்பி உடன்பாட்டின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை முறிந்திருந்தது. 2001 வாக்கில் உலகச் சந்தையில் விலை அதல பாதாளத்துக்கு விழுந்தது. "சுதந்திரமாக விற்றுக்கொள்" என்று சொல்லப்பட்ட சிறு விவசாயிக்குக் கிடைத்தது விலைக் கவலை. பொதுத் திட்டம் போகிற இடத்தில் தனிக் கவலை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

தோழர்களே! இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் நாமும் கவலைப்படுகிறவர்கள்தான். "இக்கூட்டம் ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறது" என்று தீர்மானம் போடுவது சுலபம். "என்ன ஆகுமோ?" என்று கேட்பது கவலை. "என்ன வேலை, யார் செய்வது, எந்தத் தேதிக்குள்?" என்று கேட்பது திட்டம். சேர்வராயன் மலையில் இப்படிக் கேட்க வேண்டிய காரியங்கள் மூன்று கண்முன்னே நிற்கின்றன.

முதலாவது, வேலை நாள் கணக்கு. ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் வீதம் பணிக்கொடை என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்கு. ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்திருந்தால் அது தொடர் வேலை. நிர்வாகத்தின் பதிவேட்டை மட்டும் நம்பியிருந்தால் வயதான காலத்தில் எதைக் காட்டுவது? ஒவ்வொரு லயனிலும் எழுதத் தெரிந்த ஒருவர், எல்லோருடைய வேலை நாளையும் ஒரு நோட்டில் எழுதட்டும்.

இரண்டாவது, நிலம். மலையாளி பழங்குடி மக்களுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து வன நிலத்தைச் சாகுபடி செய்து வருகிறவர் கிராம சபையில் மனுக் கொடுக்கலாம். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சாட்சியம். பெரியவர்கள் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்க வேண்டும்.

மூன்றாவது, மழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மேகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதால் மண் நிற்காது. எந்த லயன் வீட்டுக்குப் பின்னால் சரிவு இருக்கிறது, எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், நடக்க முடியாத முதியவர் யார், பாதை அடைபட்டால் அவர்களை எங்கே கொண்டுபோவது என்ற பட்டியல் ஐப்பசிக்கு முன்பே சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். தாசில்தாரிடமும் நிர்வாகத்திடமும் அதைக் கொடுத்துப் பதில் கேட்க வேண்டும்.

நோட்டுப் புத்தகம் வயிற்றை நிரப்புமா என்று சிலர் கேட்கலாம். நிரப்பாது. பறிப்பு ஓய்ந்த மாதங்களிலும் வேலை, கட்டுபடியாகும் கூலி, ஒழுகாத வீடு இவையெல்லாம் போராடித்தான் கிடைக்கும். ஆனால் கணக்கோடு பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கத்தை நிர்வாகம் எளிதில் ஏய்க்க முடியாது. கண்ணீரோடு மட்டும் போனால் "பார்க்கலாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும்.

முதலாளி அடுத்த ஆண்டுப் பறிப்புக்கு இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கணக்கில் நம் கூலி ஒரு செலவு, அவ்வளவுதான். நம் வாழ்க்கைக்கு நாம்தான் கணக்குப் போட வேண்டும். அதைச் சேர்ந்து உட்கார்ந்து, இந்த மாதமே போடுவோம்!