எல்லாவற்றையும் 'எடுக்க'லாமா?

ஆங்கிலத்தில் 'டேக்' என்னும் வினை பல பொருள் சுமப்பது. 1755இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட அகராதி, அச்சொல்லுக்கு மட்டும் 134 பொருள்களை வகுத்துரைத்தது. அஃது அம்மொழியின் இயல்பு, குறை கூறுவதற்கில்லை. அவையனைத்தையும் 'எடு' என்னும் ஒரே சொல்லால் தமிழாக்குவதே குறை.

இன்றைய மாணவன் பேருந்து எடுக்கிறான், தேர்வு எடுக்கிறான், மருந்து எடுக்கிறான், பள்ளி சேர அரைமணி நேரமும் 'எடுக்கிறது'. தமிழ் மரபோ பேருந்தில் ஏறும், தேர்வு எழுதும், மருந்து உண்ணும், நேரம் 'ஆகும்' என்னும். மலாய்மொழியும் 'மாக்கான் ஊபாட்' என மருந்தை உண்ணவே சொல்கிறது. நான்கு வினைகள் நின்ற இடத்தில் ஒன்றே நிற்பது வளர்ச்சியா, வறுமையா?

'எடு' தமிழுக்கும் பல்பொருட் சொல்லன்றோ என்பர் சிலர். உண்மையே. பசி எடுக்கும், மன்னர் படையெடுப்பர், சான்றோர்க்கு விழா எடுப்பர். இவை தமிழ் ஈன்ற வழக்குகள். ஆனால், தமிழில் பேருந்தை எடுப்பவர் ஓட்டுநர், ஏறுபவரே பயணி!

ஆதலின், ஆசிரியர் 'இவ்வாங்கிலச் சொல்லுக்குத் தமிழ் யாது?' என வினவுதல் தகாது. 'இச்செயலைத் தமிழ் எவ்வாறு கூறும்?' என்றே வினவுதல் வேண்டும். கட்டுரை ஏட்டில் திருத்தாது விடும் ஒவ்வொரு பிழையான 'எடு'வும், மாணவன் நாவினின்று ஒரு தமிழ் வினையை எடுத்துவிடும்!